எட்டி நின்று எடுத்த படம்



இந்தப் பக்கத்தில் நான் வழமையாகச் சுழற்சிக் கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு, மனச்சுமை என்று எமது அன்றாட வாழ்வோடு ஒட்டிய விடயங்களைத்தான் எழுதி வருகின்றேன். இம்மாதம் ஒரு சின்னக் குருவியைப் பற்றி எழுதப் போகின்றேன். "இவவுக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான்கு வருடம் சமூகவியல் படித்தும் எனக்கு விளங்காத ஒன்றை இந்தக் குருவியும், அதைக் காவல் காத்த ஓர் அக்காவும்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள்.

வேலை மாற்றம் கிடைத்து மன்னாருக்கு வந்த புதிதில் அந்த நிலம் எனக்குப் பிடிக்கவில்லை. குளமும் வயலும் காடுமாக இருந்த வன்னிக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். மன்னார்த் தீவும் அதை ஒட்டிய பெருநிலக் கரையும் இலங்கையின் மிக வரண்ட பகுதிகளில் சேர்ந்தவை. ஆண்டு முழுவதற்கும் சுமார் 1000 மில்லிமீற்றர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையில் பெய்து முடிந்துவிடும். பிறகு மே மாதம் சோளகம் எழும்பினால் நிலம் வெடித்து, வெடிப்பின் மேல் உப்புப் பூத்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாகக் கிடக்கும். அங்கங்கே குடை விரித்த உடைமரம், சில பனைகள், தரையோடு தரையாக உமரிச் செடி. அவ்வளவுதான். புவியியல் புத்தகம் இதைப் பாலைவனம் என்று சொல்லாது. ஆனால் ஜூன் மாதத்து மத்தியானத்தில் உப்பளத்து வரம்பில் நின்று பார்ப்பவருக்கு வேறு சொல் வாயில் வராது.

இந்த வெட்டவெளியில் உயிர்கள் இருக்கின்றன என்று எனக்குக் காட்டியது ஒரு பழைய கமரா. கனடாவில் இருந்து வந்திருந்த எனது ஒன்றுவிட்ட அண்ணா, திரும்பிப் போகும்போது தான் பாவித்த கமராவையும் 300 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். "உன்ர ஒப்பிஸ் வேலைக்கு உதவும்" என்றார். உதவியதுதான். கோழிக்கூடு கொடுத்தாலும் தையல் மெஷின் கொடுத்தாலும் அறிக்கைக்குப் படம் வேண்டும். அந்தப் படங்களை எடுப்பது என் பொறுப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கமராவைத் தூக்கிக்கொண்டு உப்பளப் பக்கம் போகத் தொடங்கினேன்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "முப்பத்தைஞ்சு வயசில ஒரு பொம்பிளைப்பிள்ளை வெறுந்தரையில குப்புறப் படுத்துக் கிடந்தால் சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் தேனிப் பக்கத்தில் பிறந்த ராதிகா ராமசாமி என்ற பெண் கணினிப் பொறியியல் படித்தவர் என்றும், பிறகு பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படமெடுப்பதையே தொழிலாக்கி இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அவவுக்குக் காசு வரும், உனக்குக் காய்ச்சல்தான் வரும்" என்றார் அம்மா. ஆனாலும் அடுத்த ஞாயிறு விடியற்காலையில் தேத்தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்.

சின்னப் பறவைகளை வெட்டவெளியில் படம் எடுப்பது இலகுவான காரியமல்ல. காட்டில் என்றால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கலாம். இங்கே ஒளிய இடமில்லை. நாம் பறவையைக் காண்பதற்கு முன்னமே அது எம்மைக் கண்டுவிடும். நிமிர்ந்து நடக்கும் மனித உருவம் அதற்கு ஆபத்தின் அடையாளம். ஆகவே பதிந்து, தவழ்ந்து, பிறகு படுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு பழைய உரப்பையில் அரைவாசிக்கு மணல் நிரப்பி, அதன் மேல் கமராவை வைப்பேன். கை நடுங்காது, காசும் செலவில்லை. மண் நிறத்தில் ஒரு பழைய சீலைத் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வேன். குருவியின் கண் மட்டத்துக்கு எங்கள் கண்ணும் இறங்கினால்தான் படத்தில் அதன் முகம் தெரியும். நின்றபடி எடுத்தால் முதுகு மட்டும்தான் விழும்.

நேரமும் முக்கியம். சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் வரைதான் வெளிச்சம் இதமாக இருக்கும். ஒன்பது மணி கடந்தால் தரையில் இருந்து கானல் எழும்பும். அந்த அலைவுக்குள் எவ்வளவு நல்ல லென்ஸ் என்றாலும் படம் தெளியாது. குருவி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதைத் துல்லியமாகப் பிடிக்க ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் கமராவின் கதவு திறந்து மூட வேண்டும். உப்புக் காற்று கமராவுக்குப் பகை என்பதால் வீட்டுக்கு வந்ததும் துடைக்காமல் வைக்கக்கூடாது. இவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும். பழக நாட்கள் எடுப்பது பொறுமை ஒன்றுதான். முதல் மூன்று ஞாயிறும் எனக்குக் கிடைத்தவை பறந்துபோகும் பறவைகளின் பின்பக்கங்கள்தான்.

நான்காம் ஞாயிறு வெறும் தரை என்று நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடம் அசைந்தது. அது சாம்பல்தலை வானம்பாடி. பெண்பறவை மண்ணின் நிறம். பதிந்து இருந்தால் மண்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆணுக்கு வயிறு கறுப்பு. அது திடீரென்று மேலே ஏறி, சிறகை ஒடுக்கிச் சீழ்க்கை அடித்தபடி கல்லைப்போலக் கீழே விழும். தரையைத் தொட முன்னர் மறுபடி மேலே எழும்பும். இணைக்குக் காட்டும் வித்தை அது. குளிர்காலத்தில் வந்தால் கொசு உள்ளானைக் காணலாம். அந்தச் சின்ன உருவம் வடதுருவத்தை அண்டிய பனிநிலத்தில் பிறந்து, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக எமது சேற்றுக் கரைக்கு வந்து சேருகின்றது. இப்படிப்பட்ட பறவைகளுக்காகத்தான் வங்காலைப் பகுதி 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

ஆனால் நான் சொல்ல வந்த குருவி எங்கிருந்தும் வந்ததல்ல. இங்கேயே பிறந்து, இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே இருப்பது. உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்தது. ஊர்க்குருவியை விடச் சற்றுப் பெரிய உடம்பு, மேலே மண் நிறம், கீழே வெள்ளை, குச்சிபோலக் கால்கள். ஓட்டம் மட்டும் சக்கரம் பூட்டியதுபோல இருக்கும். 1915 ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஹார்ட்டேர்ட் என்பவரும் அன்னி ஜாக்சன் என்ற பெண் பறவையியலாளரும் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். அதன் பின்னர் நெடுங்காலம் இது, குளிர்காலத்தில் வெளியில் இருந்து வரும் வேறொரு உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றே கணக்கில் இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட்ட குழுவொன்று மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம்தான் என்று 2023 இல் எழுதியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இந்தப் பறவைக்கு, இராமர் அணையை நினைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். எத்தனையோ வருடம் எங்கள் காலடியில் ஓடித் திரிந்தது, "வந்துபோகும் கூட்டத்தில் ஒன்று" என்று பதியப்பட்டிருந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது, முகாம் பதிவேட்டில் ஒரு இலக்கமாக இருந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

2024 ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்று. உப்பளத்து வரம்பு ஓரமாக நான் படுத்திருந்தேன். சற்று நேரம் பிந்திவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருபது அடி தூரத்தில் ஒரு பெண் உப்புக்கொத்தி தோன்றியது. இவ்வளவு கிட்ட எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அது விசித்திரமாக நடந்துகொண்டது. ஒரு சிறகைத் தொங்கவிட்டு, வாலை விரித்து, காயப்பட்டதுபோலத் தரையில் இழுபட்டு இழுபட்டுப் போனது. கொஞ்சம் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் இழுபட்டது. எனக்குக் கை ஓயவில்லை. முப்பது, நாற்பது படம் எடுத்திருப்பேன். பாவம், சிறகு முறிந்துவிட்டது போல என்று நினைத்தபடியேதான் எடுத்தேன். நினைத்தும் கையை நிறுத்தவில்லை.

"மிஸ், எழும்புங்கோ! அங்கால வாங்கோ! அவள் முட்டை வைச்சிருக்கிறாள்!"

குரல் கொடுத்தவர் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அக்கா. எங்கள் மகளிர் குழு ஒன்றில் உறுப்பினர் என்பதால் என்னைத் தெரியும். நான் எழும்பி அவரிடம் போனேன். அவர் விரலால் காட்டிய இடத்தில் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் மணலில் ஒரு சின்னப் பள்ளமும், அதற்குள் மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த மூன்று முட்டைகளும் தெரிந்தன. நான் படுத்திருந்த இடத்தில் இருந்து எட்டு அடிகூட இருக்காது.

"சிறகு முறியேல்லை மிஸ். நடிக்கிறாள். உங்களைத் தன்ர பின்னால கூட்டிக்கொண்டு போகப் பாக்கிறாள். நீங்கள் அதில கிடக்குமட்டும் அவளால முட்டைக்குப் போகேலாது. இந்த வெயிலுக்கு முட்டை அவிஞ்சு போகும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்தப் பறவைகள் அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க மட்டுமல்ல, பகலில் வெயில் படாமல் மறைக்கவும்தான். காலை வைக்க முடியாதபடி சுடும் தரையில், தாய் இல்லாத சில நிமிடங்களே கருவைக் கொன்றுவிடப் போதும். நாங்கள் இருவரும் ஐம்பது அடிக்கு மேல் பின்னுக்குப் போய், தகரக் கொட்டிலின் நிழலில் குந்தி இருந்தோம். உப்புக்கொத்தி உடனே வரவில்லை. இரண்டு தரம் சுற்றி ஓடிப் பார்த்தது. பிறகு பக்கத்து நீர்ப் பாத்திக்குப் போய் வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடி வந்து, சிறகு முறியாத முழுக் குருவியாக முட்டைகளின் மேல் அமர்ந்தது. ஈர இறகால் முட்டையைக் குளிர்விக்கும் வழக்கம் இந்த இனத்துக்கு உண்டு என்று பின்னர் வாசித்து அறிந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கமராவைப் பைக்குள் வைத்தேன். அக்கா குருவியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவளாவது நடிக்கிறாள் மிஸ். நாங்கள் நடிக்கேல்லை. ஆனா எங்களையும் இப்பிடித்தான் எடுத்தவை. அழேக்க ஓடி ஓடி எடுத்தவை. அழுது முடியேக்க ஒருத்தரும் நிக்கேல்லை."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசினார். அவருடைய கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது 2009 முதல் அவருக்குத் தெரியாது. இடம்பெயர்வில் வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன, கல்யாணப் படம் உட்பட. "அவற்ற படம் ஒண்டுகூட என்னட்டை இல்லை மிஸ். நான் அழுத படம் மட்டும் எத்தினை பேரிட்டை இருக்குதோ."

சகோதரிகளே, அந்த எத்தனை பேரில் நானும் ஒருத்தி. 2021 இல் கோழிக்கூடு வழங்கிய நாளில், கணவரின் பெயரைப் பதியும்போது அவர் உடைந்து அழுதார். நான்தான் படம் எடுத்தேன். "நன்றியோடு கண்ணீர் விடும் பயனாளி" என்று அதன் கீழ் எழுதினேன். அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் அது வந்தது. நல்ல படம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அது நன்றிக் கண்ணீர் அல்ல என்பது எனக்கு அன்றும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2009 இல் செட்டிகுளம் முகாமில் நான் தண்ணீர்க் கானோடு வரிசையில் நின்றபோது ஒருவர் என்னைப் படம் எடுத்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. குளித்து எத்தனையோ நாள். சட்டை தோளில் கிழிந்திருந்தது, கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் எடுத்தேன். அந்தப் படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை மறக்காமல் வைத்திருந்த நானே, பன்னிரண்டு வருடம் கழித்து இன்னொரு பெண்ணின் முன்னால் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் தேடி அந்தப் படத்தை எடுத்தேன். பொறுப்பாளரோடு கதைத்து, இனிமேல் அதைப் பாவிப்பதில்லை என்று எழுதி வைத்தோம். ஏற்கனவே போன பிரதிகளைத் திருப்பி எடுக்க வழியில்லை. ஒரு பிரதியை அச்சடித்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு மெலிஞ்சோ இருந்தனான்" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டாக மடித்து அடுப்படித் தட்டில் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தார். உங்களை ஒரு நல்ல படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "நான் சொல்லுற நாளில வாங்கோ" என்றார். இதுவரை அவர் அந்த நாளைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த முட்டைகளைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்றில் இரண்டு பொரித்தன. அக்காதான் வரம்பில் நடப்பவர்களை மற்றப் பக்கத்தால் போகச் சொல்லி, கல் இரண்டை அடையாளம் வைத்துக் காவல் பார்த்தார். பொரித்த குஞ்சுகள் கொஞ்ச நேரத்திலேயே எழும்பி ஓடித் திரியும், கூட்டில் தங்காது. மூன்றாவது முட்டை அப்படியே கிடந்தது. நான் கிடந்த அந்த வெயில் நேரம்தான் காரணமா என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். ஆனால் சில ஒழுங்குகளை எனக்கு நானே வைத்திருக்கிறேன். முட்டை, குஞ்சு இருக்கும் காலத்தில் கூட்டுக்குக் கிட்டப் போவதில்லை. பறவை சத்தம் வைத்தாலோ, சிறகை இழுத்தாலோ, என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாலோ நான் கிட்டப் போய்விட்டேன் என்று அர்த்தம். உடனே பின்வாங்குவேன். கூடு இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்வதில்லை. என்னிடம் இப்போது இருக்கும் படங்களில் குருவி சின்னதாகத்தான் தெரியும். சுற்றிவர வெள்ளைத் தரை, நடுவே ஒரு சின்ன உருவம். ஆனால் அது தன்பாட்டில் இரை பொறுக்கிக்கொண்டு நிற்கிறது. யாருக்கும் பயந்து நிற்கவில்லை.

உங்களில் பலரிடம் இன்று கமராவுள்ள தொலைபேசி இருக்கும். அதில் தூரத்துக் குருவி நன்றாக விழாது. பரவாயில்லை, பாருங்கள். விடியப்புறம் வாசலில் குந்தியிருந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் வெறும் நிலம் வெறும் நிலமாக இருக்காது. எனக்கு அந்தப் பத்து நிமிடம் பல இரவுகளின் நித்திரையை மீட்டுத் தந்திருக்கிறது.

அதோடு, உங்களை யாராவது படம் எடுக்க வந்தால் கேளுங்கள்: ஏன் எடுக்கிறீர்கள்? எங்கே போடுவீர்கள்? யார் பார்ப்பார்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? விருப்பமில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். முதலில் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறினாலும் சொல்லலாம். படத்துக்கு நிற்கவில்லை என்பதற்காக உங்களுக்குரிய உதவியை ஒருவரும் நிறுத்தக்கூடாது. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் குழுவாகச் சேர்ந்து கேளுங்கள். வருவது நானாக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.